காத்து என்று சொன்னேன், வேறொன்று எழுதினார்கள்

1

இன்று காலை வந்த கிளினிக் தாதி ஹாஜராவைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, பதின்மூன்று றாத்தல் என்று அட்டையில் எழுதினாள். எட்டு மாதப் பிள்ளைக்கு இது குறைவு, ஆனால் இந்தப் பிள்ளைக்கு இது நிறைய என்று என் கணவரிடம் சொன்னாள். நானும் தலையாட்டினேன். இந்த நாட்டுக்கு வந்து நான் ஒழுங்காகப் படித்துக்கொண்டது தலையாட்டுவது ஒன்றைத்தான்.

அவள் போன பிறகு காற்று தொடங்கியது. லண்டன் காற்று ஒன்றும் பெரிய காற்று இல்லை. ஜன்னலை ஆட்டும், புகைபோக்கிக்குள் ஊதும், அவ்வளவுதான். எங்கள் ஊர்ப் பெண்கள் என்றால் உடுப்புக் காயப்போட நல்ல நாள் என்பார்கள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, படிக்கட்டுக்குக் கீழே வீட்டுக்காரி நிலக்கரி வைக்கும் இடுக்கில் போய்க் குந்திவிட்டேன். என் மூத்த மகள் மர்ழியாவுக்கு வயது ஏழு. பள்ளிக்கூட விடுமுறை என்பதால் வீட்டில் இருந்தாள். இடுப்பில் கைவைத்துக்கொண்டு இடுக்குக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இட்ஸ் ஒன்லி த விண்ட், மம்மி."

உம்மா என்ற சொல் போய் மம்மி வந்து நாலு மாதமாகிறது. அதைப் பற்றி வேறொரு நாள் அழுதுகொள்ளலாம். இன்று எனக்குக் கோபம் வந்தது அந்த மற்றச் சொல்லின் மேல். விண்ட். அந்த ஒரு சொல்லால் என் பிள்ளை மண்ணுக்குள் போகப் பார்த்தது.

போன வருடம் இதே நாளில்தான் எங்கள் ஊரில் புயல் அடித்தது. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் இருக்கிறவர்களுக்கு நான் அதை விளக்கத் தேவையில்லை. நான் எழுதப்போவது புயலைப் பற்றி மட்டும் இல்லை. புயல் முடிந்த பிறகும் ஒரு பெண்ணின் வயிற்றுக்குள் அது முடியாமல் கிடந்ததைப் பற்றி.

2

என் கணவர் இஸ்மாயில் இங்கே ஒரு தேயிலைக் கிடங்கில் வேலை செய்கிறார். சிலோன் தேயிலைப் பெட்டிகளுக்கு அடையாளம் போடுகிற வேலை. மூன்று வருடம் தனியாக இருந்துவிட்டு, நீண்ட விடுமுறையில் ஊருக்கு வந்தார். ஐப்பசியில் திரும்பிக் கப்பலேறினார். "ரெண்டு மூணு மாசத்தில டிக்கட் அனுப்புறன், புள்ளயோட வா" என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகுதான் எனக்கு நாள் தள்ளிப்போனது தெரிய வந்தது. மார்கழி முடிகிற நேரம் நான் நாலாம் மாதம்.

அன்று விடியலில் இருந்தே கடலின் சத்தம் சரியில்லை. நண்பகல் ளுஹர் தொழுகைக்கு முன்னரே வளவில் இருந்த தென்னைகள் தலையைத் தரைக்குக் கொண்டுவந்தன. வாப்பா நெசவுக்காரர். வீட்டோடு சேர்த்து ஓலைக் கொட்டிலில் இரண்டு தறிகள் இருந்தன. கொட்டில் முதலில் போனது. பிறகு வீட்டுக் கூரையில் ஒரு பக்கம் எழும்பிப் போனது. மண்சுவர் நனைந்து கரையத் தொடங்கியதும், கல்லால் கட்டிய பள்ளிவாசலுக்கு ஓடுவோம் என்று வாப்பா சொன்னார். ஊரெங்கும் ஆண்கள் நின்ற நின்ற இடத்தில் பாங்கு சொன்னார்கள். காற்றில் ஒரு சொல் வரும், அடுத்த சொல் வராது.

மர்ழியாவை வாப்பா தோளில் ஏற்றிக்கொண்டார். நான் உம்மாவின் கையைப் பிடித்தபடி வந்தேன். வளவு முழுக்க முழங்காலளவு தண்ணீர். கொட்டில் இருந்த இடம் எது, முற்றம் எது என்று தெரியவில்லை. தறிக்கு முன்னால், நெய்கிறவர் கால் வைத்து மிதிக்க ஒரு குழி இருக்குமே, அது தண்ணீருக்குள் மறைந்து கிடந்தது. நான் அதற்குள் கால் வைத்தேன். நெஞ்சுவரை போய்விட்டேன். குழியின் ஓரத்துக் கட்டை அடிவயிற்றில் இடித்தது.

"கைய உடாத! கைய உடாத புள்ள!" என்று வாப்பா கத்தினார். ஒரு கையால் பேத்தியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் என்னை இழுத்து எடுத்தார்.

பள்ளிவாசலில் இரண்டு நாள் இருந்தோம். சனத்துக்கு மேல் சனம். தேங்காய்ச் சொட்டும் நனைந்த அரிசியும்தான் சாப்பாடு. முதல் நாள் பின்னேரம் என் உடுப்பில் கொஞ்சம் இரத்தம் பட்டிருந்தது. உம்மாவுக்கு மட்டும் காட்டினேன். உம்மாவின் முகம் ஓடு மாதிரி வறண்டு போனது. ஆனால் குரல் மாறவில்லை.

"மனே, இத ஒருத்தருக்கிட்டயும் கதைக்காத. நீ பயந்ததையும் கதைக்காத. வயித்துப் புள்ள கேட்டுக்கிட்டு இரிக்கி. ரெண்டாந்தரம் பயந்தா அது தாங்காது."

எங்கள் வீட்டில் இது பழைய வழக்கம். பிள்ளைத்தாய்ச்சி பாம்பைக் கண்டு பயந்தாலும் அதை வாய்விட்டுச் சொல்லக்கூடாது. பயம் ஒரு தடவைதான் வரவேண்டும், சொன்னால் இரண்டாகிவிடும். நான் உம்மாவின் சொல்லைத் தட்டாத பிள்ளை. வாயை மூடிக்கொண்டேன். இரத்தம் நின்றுவிட்டது. பயம் நிற்கவில்லை.

3

ஆறாம் நாள் இறக்காமத்திலிருந்து மச்சான் மாட்டுவண்டியோடு வந்தார். எனக்கு மூத்தவள், என் ராத்தா சுபைதாவின் புருஷன். அங்கேயும் பாதிக் கூரை போய்விட்டது, ஆனாலும் நெல் இருக்கிறது, வாருங்கள் என்றார். ராத்தாவும் அப்போது ஆறாம் மாதம். இரண்டு வயிறும் ஒரே வீட்டில் இருந்தால் உம்மாவுக்குப் பார்க்கச் சுலபம் என்று எல்லோரும் போனோம்.

இறக்காமம் குளத்தடி ஊர். வெள்ளம் வடிந்த பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் தண்ணீர் தேங்கி நின்றது. பின்னேரமானால் நுளம்பு காதுக்குள் பாடும். முன்னொரு காலத்தில் அந்தப் பக்கம் மலேரியா வீட்டுக்கு வீடு கிடந்தது. பிறகு அரசாங்க ஆட்கள் வந்து சுவருக்குச் சுவர் மருந்தடித்தார்கள். மலேரியா ஒழிந்தது என்று சனங்கள் அந்தப் பெயரையே மறந்துவிட்டார்கள். மருந்தடித்த சுவர்களைப் புயல் கரைத்துக்கொண்டு போனதை யாரும் யோசிக்கவில்லை.

இரண்டு கிழமையில், பதினாலாம் நாள் போல, எனக்கு நடுக்கம் தொடங்கியது. இரண்டு நாள் கழித்து ராத்தாவுக்கும். ஒரே பாயில் ஒரே சாக்கைப் போர்த்திக்கொண்டு இரண்டு பேரும் நடுங்குவோம். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். பல்லடிக்கும், பிறகு உடம்பு கொதிக்கும், பிறகு வியர்த்து ஓயும். நனைந்ததால் வந்த காய்ச்சல் என்று உம்மா கொத்தமல்லி அவித்துத் தந்தா. கல்முனைக்குப் போகிற பாதை உடைந்து கிடந்தது.

நிவாரண லொறி ஒன்று ஒருநாள் வந்தது. அரிசியோடு, மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி ஐயா ஒருவரும் வந்திருந்தார். சனம் அவரை மொய்த்துக்கொண்டது. காய்ச்சலுக்கு என்று மச்சானின் கையில் ஆறு குளிசைகளைக் கொடுத்து, இது ஒரு ஆளுக்குத்தான் காணும், மற்றவருக்கு அடுத்த முறை கொண்டுவருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த முறை அந்த லொறி வேறு ஊருக்குப் போய்விட்டது.

அந்தக் கிழமைதான் என் கப்பல் டிக்கட்டும் வந்து சேர்ந்தது. ராத்தா அந்த ஆறையும் என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினா.

"நீ கப்பலேறணும். காய்ச்சலோட போனா ஏத்த மாட்டாங்க. எனக்கு இஞ்ச உம்மா இரிக்கா, வாப்பா இரிக்காரு. நீ திண்டு முடி."

"நீயும் புள்ளத்தாச்சிதானே ராத்தா?"

"எனக்கு ஒண்டும் செய்யாது. நான் மாடு மாதிரி ஆள்."

நான் தின்றேன். ஆறையும் தின்றேன். மூன்று வைத்துக்கொண்டு மூன்றைத் திருப்பிக் கொடுக்கும் எண்ணம் எனக்கு வரவில்லை. வந்தது என்று எழுதினால் நல்லவளாகத் தெரிவேன், ஆனால் வரவில்லை. எனக்கு என் புருஷனிடம் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் என் தலையில் இருந்தது.

4

கொழும்பில் கப்பல் கந்தோரில் ஒரு படிவம் நிரப்பினார்கள். என்னையும் மர்ழியாவையும் கப்பலேற்ற வாப்பா வந்திருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த தமிழ்ப் பிள்ளை ஒவ்வொரு கேள்வியாக வாசித்தார். ஆறு மாதத்துக்குள் காய்ச்சல் வந்ததா என்ற கேள்விக்கு நான் வாப்பாவைப் பார்த்தேன். வாப்பா கூரையைப் பார்த்தார்.

"இல்ல எண்டு போடுங்க தம்பி" என்றார்.

கீழே நான் கையொப்பம் வைத்தேன். வாழ்க்கையில் நான் எழுதிக் கொடுத்த முதல் பொய் அது. கப்பலில் ஏடன் தாண்டியதும் எனக்கு மறுபடி குளிரும் நடுக்கமும் வந்தன. கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று பக்கத்துப் படுக்கைக்காரி சொன்னா. நானும் அப்படியே நம்பினேன். நம்பாவிட்டால் அந்தக் கையொப்பம் ஞாபகம் வரும்.

லண்டன் வந்த பத்தாம் நாள் என் கணவர் என்னைப் பிள்ளைத்தாய்ச்சிக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். வெள்ளைக் கோட்டுக்காரி ஒருத்தி ஊர், வயது, முந்திய பேறு எல்லாம் கேட்டாள். இந்த முறை ஏதாவது பிரச்சினை வந்ததா என்று கேட்டாள். இவர் என் பக்கம் திரும்பினார்.

"என்னவும் நடந்ததா எண்டு கேக்கிறா. என்ன சொல்ல?"

சொல்லக்கூடாது என்ற உம்மாவின் குரல் ஒரு பக்கம். பொய்க் கையொப்பம் மறுபக்கம். காய்ச்சல் என்று சொன்னால் படிவத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், அடுத்த கப்பலில் திருப்பி அனுப்புவார்கள் என்றுதான் நான் நினைத்தேன். அந்தக் கந்தோர் வேறு, இந்தக் கிளினிக் வேறு என்று எனக்கு யார் சொல்லித் தந்தது? இருந்தாலும் ஒன்றும் சொல்லாமல் இருக்கவும் மனம் கேட்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு சொல்லை மெதுவாக வெளியில் விட்டேன்.

"காத்து."

நம் ஊரில் காற்றுகளுக்குப் பெயர் இருக்கிறது. கச்சான் என்போம், வாடை என்போம், சோழகம் என்போம். அந்த மார்கழிக்குப் பிறகு பெயர் ஒன்றும் வைக்காமல் 'காத்து' என்று சொன்னால், மருதமுனையில் சின்னப் பிள்ளைக்கும் எது என்று விளங்கும். காத்துக்கு முந்தி, காத்துக்குப் பிந்தி என்றுதான் சனங்கள் நாள் கணக்குச் சொன்னார்கள். ஆனால் இவர் அப்போது லண்டனில் இருந்தவர். புயல் அடித்த செய்தியைக் கடிதத்தில்தான் வாசித்தார். அந்தக் கடிதத்திலும் நாங்கள் எல்லோரும் சுகம் என்றுதான் இருந்தது. இவர் அந்தச் சொல்லை அப்படியே தூக்கி இங்கிலீசில் வைத்தார்.

"ஷி ஹாட் விண்ட்."

வெள்ளைக் கோட்டுக்காரி சிரித்தாள். எல்லாத் தாய்மாருக்கும் அது இருக்கும், கவலைப்படாதே என்று என் கையைத் தட்டினாள். ஒரு வரி எழுதினாள். குடிப்பதற்கு ஏதோ ஓமவாசனைத் தண்ணீர் ஒரு போத்தல் கொடுத்துவிட்டாள். இவ்வளவு பெரிய புயலுக்கு இவ்வளவு சின்ன மருந்தா என்று யோசித்தபடி வீட்டுக்கு வந்தேன். பெரிய நாடு, மருந்தும் நல்ல மருந்தாக இருக்கும் என்று மூன்று வேளையும் தவறாமல் குடித்தேன்.

இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது வராதது நல்லது.

5

ஹாஜரா எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். மூன்றரை றாத்தல். பிறந்ததும் அழவில்லை. எனக்குக் காட்டாமலே கொண்டுபோனார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பிள்ளையின் காதில் பாங்கு சொல்ல இவரை உள்ளே விடவில்லை. இவர் கண்ணாடிச் சுவருக்கு வெளியில் நின்று, நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு சொன்னார். பிள்ளைக்குக் கேட்டதோ இல்லையோ, நடைபாதையில் போன எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

ஐந்து கிழமை கழித்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஐந்து நாள்தான் வைத்திருந்தோம். பிள்ளை பாலைத் தொடவில்லை. உடம்பு சுடும், பிறகு குளிரும். மஞ்சள் பூசிய மாதிரி நிறம். வயிறு மட்டும் வீங்கிக்கொண்டு வந்தது. மறுபடி ஆஸ்பத்திரி. ஊசி போட்டார்கள், பால்மாவை மாற்றினார்கள், எதுவும் கேட்கவில்லை. மருத்துவர்கள் வந்து நின்று ஒருவருக்கொருவர் கதைப்பார்கள், போவார்கள். அவர்களின் முகத்தை மட்டும் வாசிக்க எனக்குத் தெரிந்தது. நாளுக்கு நாள் அந்த முகங்கள் மோசமாகிக்கொண்டு வந்தன.

ஒரு முற்பகல். ஹாஜரா முனகிக்கொண்டு கால்களை இழுத்து இழுத்து உதைத்தாள். இளம் தாதி ஒருத்தி பிள்ளையைத் தோளில் சாய்த்து முதுகைத் தடவினாள். என்னைப் பார்த்து, பயப்படாதே என்கிற சிரிப்போடு ஒரு வரி சொன்னாள். அதில் ஒரு சொல் எனக்குத் தெரிந்த சொல்.

விண்ட்.

பிள்ளைக்குள் விண்ட் இருக்கிறது என்றாள். தன் வயிற்றில் கைவைத்துக் காட்டினாள்.

அந்த நிமிடம் எனக்கு என்ன நடந்தது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. காத்து என்று நான் சொன்னதை இவர் விண்ட் என்று சொன்னது காதில் இருந்தது. ஆக, என் பிள்ளையின் வயிற்றுக்குள் அந்தக் காத்து இருக்கிறது. தென்னையைப் படுக்கவைத்த காத்து, கூரையைத் தூக்கின காத்து, இந்தக் கையளவு உடம்புக்குள் போய் இருக்கிறது. இவர்களுக்கு அது தெரிந்தும் இருக்கிறது. தெரிந்துகொண்டு சிரிக்கிறார்கள்.

நான் கத்தினேன். தரையில் விழுந்து கத்தினேன். "காத்து உள்ளுக்குப் போயிட்டு! என்ட புள்ளக்குள்ள காத்துப் போயிட்டு! நான் வாயே தொறக்கல்லையே உம்மா!"

அடுத்த வாட்டில் யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருத்தி தாதி வேலை படித்துக்கொண்டிருந்தாள். தவமணி என்று பெயர். தமிழில் யாரோ கத்துகிற சத்தம் கேட்டு ஓடிவந்தாள். என் பக்கத்தில் தரையில் குந்தினாள்.

"அக்கா, என்னெண்டு சொல்லுங்கோ. ஏன் அழுறியள்?"

"புள்ளக்குள்ள காத்து எண்டு சொல்றா அவ."

"ஐயோ அக்கா, அது ஏவறை. பால் குடிக்கேக்கை உள்ளுக்குப் போற வாய்வு. இஞ்ச அதைத்தான் விண்ட் எண்டு சொல்லுறவை." அவள் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "நீங்கள் எந்தக் காத்தைச் சொல்லுறியள்? போன மார்கழிப் புயலையோ?"

"ஓம்."

"அப்ப நீங்கள் எங்கை இருந்தனீங்கள்? எத்தினை மாதம்?"

அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, புயலுக்குப் பிறகு உங்களுக்குக் காய்ச்சல் ஏதும் வந்ததோ? சொல்லுங்கோ. பிள்ளைக்காகக் கேக்கிறன்."

தாதி ஹாஜராவைக் கட்டிலில் வைத்திருந்தாள். சின்ன நெஞ்சு ஏறி இறங்கியது எனக்குத் தெரிந்தது. சொன்னால் திருப்பி அனுப்புவார்கள். சொன்னால் வாப்பாவைப் பிடிப்பார்கள். சொன்னால் பயம் இரண்டாகும். எல்லாம் ஓடியது. பிறகு ஒன்று மட்டும் மனதில் நின்றது. சொல்லாமல் இருந்து நான் எதைக் காப்பாற்றினேன்?

"வந்த. நடுக்கக் காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள் வந்த. கப்பலிலயும் வந்த. பேப்பரில இல்ல எண்டு பொய் எழுதின நாங்க."

தவமணி எழும்பி ஓடினாள்.

6

பிள்ளையின் குதிகாலில் ஊசியால் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்தார்கள். கண்ணாடித் துண்டில் பூசிக் கொண்டுபோனார்கள். பின்னேரம் பெரிய மருத்துவர் வந்தார். காதில் முடி வளர்ந்த கிழவர். ஒரே ஒரு சொல் சொன்னார். மலேரியா. அந்த ஒரு சொல்தான் எங்கள் ஊரிலும் இங்கேயும் ஒன்றாக இருந்தது. என் உடம்பில் இருந்த காய்ச்சல் என் இரத்தத்தின் வழியாகப் பிள்ளைக்குப் போயிருக்கிறது. நுளம்பே இல்லாத ஊரில் பிறந்த பிள்ளைக்கு மலேரியா என்று யாருக்குத் தோன்றும்? தாய் சொன்னால் தவிர.

மருந்து தொடங்கி மூன்றாம் நாள் ஹாஜரா பால் குடித்தாள். எனக்கும் மருந்து தந்தார்கள். இன்னும் ஒரு கிழமை போயிருந்தால் என்று மருத்துவர் தொடங்கி, முடிக்காமல் விட்டார். தவமணியும் அதைத் தமிழில் முடிக்கவில்லை.

மருத்துவரிடம் ஒன்று கேட்கும்படி தவமணியிடம் சொன்னேன். பிள்ளை சிறுத்துப் பிறந்தது காய்ச்சலாலா, குழியில் விழுந்ததாலா, பயத்தாலா? மருத்துவர் பிள்ளையின் அட்டையை எடுத்துப் பார்த்தார். காய்ச்சல் பிள்ளையைச் சிறுக்க வைக்கும், அது தெரியும் என்றார். பட்டினியும் சிறுக்க வைக்கும். பயம் மட்டும் தனியாக என்ன செய்யும் என்று தனக்குத் தெரியாது என்றார். ஆனால் புயல் ஒன்றைத் தனியாகக் கொண்டுவருவதில்லை, எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒரே பெண்ணின் மேல் கொட்டுகிறது என்றார். நல்ல மனிதர். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன பெரிய ஆளை நான் அன்றுதான் கண்டேன்.

அன்று இவர் வேலையிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். தறிக்குழி, இரத்தம், பாய், குளிசை எல்லாம். இவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏன் புள்ள எனக்கிட்டச் சொல்லல்ல?"

"சொன்னனே. காத்து எண்டு சொன்னனே."

இவர் முகத்தை மூடிக்கொண்டார். பிறகுதான் எனக்குத் திடீரென்று குளிர்ந்தது. காய்ச்சல் குளிர் இல்லை. ராத்தா.

ராத்தாவுக்குப் பங்குனியிலேயே ஆண்பிள்ளை பிறந்திருந்தது. ஒரே பாயில் நடுங்கினவள். குளிசை தின்னாதவள். மறுநாள் காலையிலேயே வாப்பாவுக்குத் தந்தி கொடுத்தோம். சுபைதாவின் பிள்ளையின் இரத்தத்தை உடனே சோதிக்கவும், மலேரியா. கல்முனைத் தபால் கந்தோரில் யாராவது அதைத் தமிழில் வாசித்துச் சொல்வார்கள் என்று நினைத்தோம்.

பதில் தந்தி வரவில்லை. நான் பழைய கடிதங்களை எடுத்து மறுபடி மறுபடி வாசித்தேன். உம்மாவுக்கு எழுதத் தெரியாது, பக்கத்து வீட்டு ஆசிரியர்தான் எழுதுவார். 'சுபைதாவும் பிள்ளையும் சுகம்.' ஒவ்வொரு கடிதத்திலும் அந்த வரி இருந்தது. சுகம் என்றுதானே எழுதியிருக்கிறது என்று இவர் சொல்லுவார். ஓம், சுகம் என்றுதான் எழுதியிருக்கிறது என்று நானும் சொல்லுவேன். மூன்று கிழமை அப்படியே போனது.

7

கடிதம் வந்தது. ஆசிரியரின் அதே அழகான கையெழுத்து.

'மகள் அறிவது. தந்தி கிடைத்தது. நீ கேட்ட பிள்ளை நாற்பதாம் நாளிலேயே மௌத்தாகிவிட்டது. நீ பிள்ளை பெற்ற அதே கிழமை. பால் வற்றிவிடும் என்று உனக்கு அறிவிக்கவில்லை. பிள்ளை மஞ்சளாகி முனகிக்கொண்டு கிடந்தது. காத்து பட்டிருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். ஓதித் தண்ணீர் கொடுத்தோம். அல்லாஹ்வின் நாட்டம். சுபைதா உன்மேல் சலாம் சொல்கிறாள்.'

காத்து பட்டிருக்கிறது. பேய்க்காற்று, ஜின் காற்று என்று நாம் சொல்லுவோமே, அந்தக் காத்து. இங்கே என் பிள்ளைக்கும் காத்து என்றார்கள், அங்கே சாகக் கிடந்த அவளின் பிள்ளைக்கும் காத்து என்றார்கள். இரண்டு பேரும் வேறு வேறு காத்தைச் சொன்னார்கள். இரண்டிலும் காய்ச்சல் ஒளிந்து கிடந்தது. இங்கே நான் தரையில் விழுந்து கத்தினேன், தமிழ் தெரிந்த ஒருத்தி ஓடிவந்தாள். அங்கே எல்லோருக்கும் தமிழ் தெரியும். அதனால் ஒருவரும் என்ன என்று கேட்கவில்லை.

குளிசையைப் பற்றி ராத்தாவுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். முதல் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். இரண்டாவதை அனுப்பினேன். நடுங்கின பெண்கள் இரண்டு பேருக்கு மருந்து ஆறு இருந்தது, ஆறையும் நான் தின்றேன், என்னை மன்னி என்று எழுதினேன். அவ பதில் போட்டா. தானே எழுதினது, எழுத்துகள் கோணல் மாணலாக இருந்தன. 'அதை எல்லாம் நினைக்காதே. ஹாஜராவை நல்லா வளர். எனக்கு ஒன்றும் இல்லை. நான் சுகம்' என்று எழுதியிருந்தா.

அந்தச் சொல்லை இனி நான் எப்படி நம்புவேன்?

நேற்று உம்மாவின் கடிதம் வந்தது. நெல் விலை, மச்சானின் வேளாண்மை, யானை வந்து வரம்பை மிதித்தது எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் ஓரத்தில் ஒரு வரி. சுபைதா மறுபடி முழுகாமல் இருக்கிறாளாம், நாலாம் மாதமாம். இந்த வருடமும் மழை கூடவாம், குளம் நிரம்பி வான் பாய்கிறதாம். அவள் சுகமாக இருக்கிறாளாம்.

நாலாம் மாதம், மார்கழி, குளத்தடி, தேங்கின தண்ணீர். இன்றைக்கு நான் நிலக்கரி இடுக்கில் போய்க் குந்தினது ஜன்னலை ஆட்டின காற்றுக்குப் பயந்து இல்லை. மர்ழியாவுக்கு அது விளங்காது. விளங்க வேண்டாம்.

இதை நான் எழுதுவது அதற்காகத்தான். இது அச்சாகிற பத்திரிகை கல்முனைக்கு வரும், அங்கிருந்து இறக்காமத்துக்கும் யாராவது கொண்டுபோவார்கள். இதை வாசிக்கிறவர்களே, பள்ளிவாசலுக்குப் பின்னால், குளத்துக்குப் போகும் பாதையில், மருதமுனை நெசவுக்காரரின் மூத்த மகள் சுபைதாவின் வீடு எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். போய், சுகமா என்று கேட்க வேண்டாம். நடுக்கம் வந்ததா என்று கேளுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறதா என்று கேளுங்கள். நெற்றியில் கைவைத்துப் பாருங்கள். அவளாகச் சொல்லமாட்டாள்.